இடக்கைப் பித்தளை ஆணி

கிளெமென்ற் நேராக நடந்ததைக் கொட்டாஞ்சேனையில் ஒருத்தரும் கண்டதில்லை. காற்சட்டையின் வலது பொக்கற்றில் கிடக்கும் மாலுமிக் கத்தி ஆளை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும். தடித்த அலகு ஒன்று, தகரப்பேணி வெட்டக் கொக்கு மூக்கு மாதிரி ஒன்று, முதுகில் மடங்கிக் கிடக்கிற விரல் மொத்தக் கூர் ஒன்று. கப்பல் மாறுகிற இடைவெளியில் கொழும்பில் இறங்கிய ஒஸ்ரேலியாப் பட்டாளத்தான் ஒருவனின் வாடகைச் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தபோது, அவன் சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்த சாமான் அது.

சட்டைப் பொக்கற்றில் இருப்பது வேறு சாதி. கொம்புப் பிடி போட்ட சின்னக் கத்தி. அலகு இரண்டு, குழந்தை நகம் வெட்டுகிற அளவில் ஒரு கத்தரிக்கோல், போத்தல் தக்கை பிடுங்க ஒரு சுருள், முள்ளெடுக்க ஒரு சாமணம், குதிரைக் குளம்பில் அகப்பட்ட கல்லைத் தோண்ட ஒரு கொக்கி. அந்தக் கொக்கிக்குத்தான் இன்னும் வேலை கிடைக்கவில்லை. பாண் வண்டிக் குதிரை நொண்டுகிறதா என்று காலையில் எழும்பியதும் எட்டிப் பார்ப்பான். அந்தக் கொழுத்த மிருகம் ஒரு நாளாவது நொண்டினால்தானே!

மூன்றாவது இடுப்பு மடிப்பில் இருந்தது. சைக்கிள் ஸ்பேனர். உள்ளங்கை நீள இரும்புத் தகடு, ஓரம் முழுக்கப் பல அளவில் வெட்டிய பற்கள், ஒரு முனை மட்டும் திருகாணி கழற்றத் தட்டை.

எல்லாம் ஒன்றிலேயே இருக்கிற மாதிரி ஒரு சாமான் வாங்கினால் என்ன என்று யாராவது கேட்டால் அவனுக்குப் பொத்துக்கொண்டு வரும். தேங்காய்க் கண் குத்துகிற கூரால் கண்ணாடிக்காரரின் மூக்குக்கண்ணாடி ஆணியை முறுக்கலாமா? முறுக்கிப் பாருங்கள், பிறகு கண்ணாடியும் இருக்காது, கண்ணும் இருக்காது. இப்படிக் கை இரண்டையும் ஆட்டி அவன் விளக்கத் தொடங்கினால் கேட்டவர் மெல்ல நழுவிவிடுவார். ஆனால் சோடாப் போத்தல் திறபடாவிட்டால், பூட்டுக்குள் சாவி முறிந்துவிட்டால், பிள்ளையின் மூக்குக்குள் புளியங்கொட்டை போய்விட்டால், அதே ஆட்கள்தான் அவன் வாசலில் நின்று கூப்பிடுவார்கள். அந்தக் கூப்பிடுதல் கிளெமென்றுக்குச் சோறு மாதிரி.

வேலை வெள்ளவத்தையில், ராசிக் நானாவின் சைக்கிள் கடையில். நானா அவனைச் சீண்டாத நாளில்லை.

"என்னடா மவன், ஒண்ட பொக்கட்டுல ஈக்கிற சாமான் என்ட கடையில இல்லையே! நாளைக்கு நான் ஒனக்கிட்ட வேலைக்கு வாரன், சரியா?"

கொன்ஸ்ரன்ரைன் இன்னும் மோசம். அவன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுபவன், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூட்டாளி.

"மச்சான், நீ செத்தா உன்னைப் புதைக்கேலாது. உருக்கத்தான் வேணும்."

இந்தக் கொன்ஸ்ரன்ரைனின் தங்கைதான் பேர்ணடெற். போன வருசத்துத் திருநாளில் கோயில் வாசலில் அவளுடைய செருப்பு வார் அறுந்தபோது, கிளெமென்ற் குந்தியிருந்து மாலுமிக் கத்தியின் கூரால் தோலில் புதுத் துளை போட்டுக் கொடுத்தான். துளை போடுகிற நேரத்தைவிடக் கூடுதலான நேரம் குந்தியிருந்தான். அவளும் காலை எடுக்கவில்லை. அன்றையிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரு விருப்பம். கொன்ஸ்ரன்ரைனுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். தெரிந்தும் அசையாதவர் தகப்பன் நிக்கலஸ் ஒருவர்தான்.

நிக்கலஸ் அந்தச் சின்னக் கோயிலின் மூப்பர். பெரிய வாரத்துச் சடங்கெல்லாம் அவர் கையில். பங்குச் சுவாமி பூசை மட்டும் வைப்பார். பந்தல், சுரூபம், ஏணி, ஆள், எல்லாம் மூப்பர்தான். "பொக்கற்றில கத்தியோட திரியிற சண்டியனுக்கு நான் பொம்பிளை குடுக்கமாட்டன்" என்று அவர் ஒருமுறை சொல்லிவிட்டார், அவ்வளவுதான். கிளெமென்ற் ஒரு சண்டையும் பிடித்தவனில்லை. சண்டை பிடித்தால் கத்தி மழுங்கிவிடுமே என்று பயப்படுகிற ஆள் அவன். அதை மூப்பருக்கு யார் சொல்வது?

அப்படிப்பட்ட நிக்கலஸ் நாற்பத்திரண்டாம் ஆண்டுப் பெரிய வாரத்தில், புதன்கிழமை, தானாகவே அவன் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி, உன்னட்ட ஒரு அலுவல்."

தம்பி! கிளெமென்றுக்குக் காது சூடாகிவிட்டது.

விசயம் இதுதான். பெரிய வெள்ளி பின்னேரம் கோயிலில் ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்குவார்கள். தோளில் மடங்குகிற கை வைத்த ஆளுயர மரச் சுரூபம். உள்ளங்கைகளுக்கும் பாதத்துக்கும் இரும்பாணி கிடையாது, மரமுளைதான். ஏணியில் ஏறினவர் விரலாலேயே பிடுங்கிவிடுவார். ஏனென்றால் அந்த ஒரு நாள் கொட்டாஞ்சேனையில் எந்த வேதக்காரரும் இரும்பு எடுக்கமாட்டார்கள். மரக்கறியை வியாழனே வெட்டி வைத்துவிடுவார்கள். ஊசி நூல் எடுப்பதில்லை, சவரம் செய்வதில்லை, ஆணி அடிப்பதில்லை. ஆண்டவரின் உடம்பில் ஏறினது இரும்பல்லவா! வீட்டுக் கத்தியைத் துணியில் சுற்றி வைத்தால், சனிக்கிழமை அல்லேலூயா மணி அடித்த பிறகுதான் வெளியே எடுப்பார்கள்.

இந்த வருசம் இடக்கை முளையைக் கறையான் தின்றுவிட்டது. புது முளை செய்ய ஆசாரி இல்லை. இருந்த ஆசாரிமார் எல்லாரும் இரத்மலானையில் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டார்கள்.

"முளைதானே? விடுங்க மூப்பர்!" என்றான் கிளெமென்ற்.

ஒரு துண்டுப் பலாக்கட்டையை எடுத்துச் சின்னக் கத்தியால் சீவியிருந்தால் பாண் வாங்கி வருகிற நேரத்துக்குள் வேலை முடிந்திருக்கும். ஆனால் அவன் தலை அப்படி ஓடாது. பேர்ணடெற்றின் தகப்பன் முதன்முதலாக அவனிடம் ஒரு வேலை கேட்டிருக்கிறார், அதற்கு ஒரு கட்டையா? வெள்ளவத்தைக்கு மிதித்துப் போய் நானாவின் கடைப் பெட்டிகளைக் கிளறி ஒன்று கொண்டுவந்தான். நல்ல பித்தளைத் திருகாணி. தலையில் வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி இரண்டு காது. விரலால் முறுக்கலாம், விரலாலேயே கழற்றலாம்.

"இரும்பு கூடாது" என்றார் நிக்கலஸ்.

"பித்தளை இரும்பில்லைத்தானே, மூப்பர்?"

நிக்கலஸ் தாடையைத் தடவினார். ஆணியைக் கையில் வாங்கி உருட்டினார். அதன் மினுக்கம் அவருக்கும் பிடித்துவிட்டது போல. "ஓம். பித்தளை குத்துவிளக்குச் சாமான்தானே" என்றார்.

கிளெமென்ற் சவர்க்காரம் பூசி முறுக்கினான். கழற்றிக் காட்டினான். மறுபடி முறுக்கினான். வெண்ணெயில் போகிற மாதிரிப் போனது. சிலுவையின் மேல் ஊதாத் திரையை இழுத்துவிட்ட மூப்பர், அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அவன் சாப்பிடக்கூட இல்லை.

வியாழன் பின்னேரம் மழை கொட்டியது. கோயில் கூரையில் ஓடு விலகின இடம் எது என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் வெள்ளை முக்காட்டோடு நின்ற பேர்ணடெற் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எல்லாத்தையும் வச்சிட்டு வந்தீங்களோ?"

"கத்தி ரெண்டையும் அம்மா சுத்தி வச்சிட்டா."

"அப்ப இடுப்பில என்ன தள்ளிக்கொண்டு நிக்குது?"

"அதில அலகில்லை. அது கத்தியில்லை."

"இரும்புதானே?"

"வழியில சைக்கிள் கழண்டா என்ன செய்யிறது?"

"நடந்துதானே வந்தனீங்கள்!"

அவள் சிரிப்பை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டு பெண்கள் பக்கம் போய்விட்டாள். கிளெமென்றுக்கு உண்மையில் ஒரு காரணமும் இல்லை. மூன்றையும் வைத்துவிட்டு வெளியே வந்தபோது உடம்பில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. அதுதான் ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துச் செருகிக்கொண்டு வந்தான்.

மூன்று மணிக்கு மேல் இறக்கம் தொடங்கியது. வெள்ளை உடுத்த நாலு பேர் இரண்டு ஏணியில். மூப்பர் இடப்பக்க ஏணியின் உச்சியில். சுரூபத்தின் நெஞ்சைச் சுற்றி நீளத் துணி, அதன் நுனிகள் கீழே நின்றவர்களின் கையில். பாதத்து முளை வந்தது. வலக்கை முளை வந்தது. கை தோளில் மடங்கித் தொங்கியது. சனம் ஓவென்று அழுதது. ஒவ்வொரு வருசமும் அழுகிற இடம்தான்.

இடக்கை வரவில்லை.

மூப்பர் ஆணியின் காதைப் பிடித்துத் திருகினார். கூரை ஒழுக்கில் மழை குடித்த மரம் ஊதி இறுகிவிட்டிருந்தது. இன்னொருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். சிறகில் ஒன்று முறிந்து அவர் கையோடு வந்தது. சுரூபம் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. சுவாமி பாட்டின் அடுத்த வரியை எடுத்தார், கூடப் பாட ஆளில்லை. "ஆண்டவர் இறங்கமாட்டன் எண்டு நிக்கிறார்" என்று ஒரு பெண் குரல் சொன்னது. சின்னப் பிள்ளைகள் பயத்தில் கத்தத் தொடங்கின.

 அப்போதுதான் மூப்பர் ஏணியிலிருந்து கழுத்தைத் திருப்பி ஆண்கள் வரிசையில் கிளெமென்றைத் தேடிப் பிடித்தார். கையை இடுப்புக்குக் கிட்டத் தாழ்த்தி, விரலை மடக்கி, வா என்று கூப்பிட்டார். சனம் முழுக்க அண்ணாந்து சுரூபத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் கிளெமென்ற். மற்றவள் பெண்கள் பக்கத்து முன்வரிசையில் நின்ற பேர்ணடெற். அவள் தகப்பன் விழுந்துவிடுவாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் ஏறினான்.

"இடுப்பில என்னவும் வச்சிருப்பாய்தானே, கெதியா எடு" என்று மூப்பர் வாயைத் திறக்காமல் சொன்னார்.

ஸ்பேனரின் பற்களில் ஒன்று மிச்சச் சிறகைக் கவ்வியது. இரும்பு பித்தளையில் உரசிய சத்தம் அந்த அமைதியில் கோயில் முழுக்கக் கேட்டது. ஆணி வந்தது. கை மடங்கியது. ஆண்டவர் துணியில் இறங்கினார். சனம் மறுபடி பாடியது, முன்னையைவிடப் பலமாக.

அன்றைக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா? சனிக்கிழமை அல்லேலூயா மணி அடித்து முடிந்ததும் மூப்பர் அவனை மதிலோரம் கூட்டிப்போனார்.

"ஞாயிறு பூசை முடிய உன்ர பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்ட வா. கதைப்பம்."

கொன்ஸ்ரன்ரைன் பின்னாலிருந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "எனக்கு நாளைக்குக் காலமை டியூட்டி மச்சான், கப்பலெல்லாம் அவசரமா வெளிக்கிடுதாம். நான் வரும் வரைக்கும் ஒண்டையும் பேசி முடிச்சிராதேங்கோ. உன்ர சீதனத்தில ரெண்டு ஸ்பேனரைக் கூட்டிக் கேக்கவேணும்."

"சீதனம் நீங்கள்தான்டா தாறது."

"அப்ப ஒண்டும் கேக்காத!"

ஞாயிறு காலை ஜப்பான்காரன் வந்தான். அபாயச் சங்கு முதலில் ஊதியதா, குண்டு முதலில் விழுந்ததா என்று பிறகு ஆளுக்கொரு மாதிரிச் சொன்னார்கள். புதுச் சட்டையோடு பூசைக்கு வந்த சனம் புதுச் சட்டையோடு கோயில் வாங்குப் பலகைகளுக்குக் கீழே படுத்தது. துறைமுகப் பக்கம் கறுத்த புகை எழும்பியது. மத்தியானம் கொன்ஸ்ரன்ரைனைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

பெரியப்பாவுக்குத் தோய்த்து வைத்த கோட்டு அசைக் கொடியில் அப்படியே தொங்கியது.

சேமக்காலையில் திங்கட்கிழமை கொன்ஸ்ரன்ரைனின் பெட்டியைக் குழியில் இறக்கியபோதுதான் யோசெப்பின் வாயைத் திறந்தாள். அடுத்த வளவுக்காரி. அவளுடைய பிள்ளையின் மூக்குப் புளியங்கொட்டையைக் கிளெமென்றின் சாமணம் எடுத்துக்கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"பெரிய வெள்ளியில ஆண்டவரின்ர கையில இரும்பு வச்சா வேற என்ன நடக்கும்? மூண்டாம் நாளே காட்டிப்போட்டார்!"

சனம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. எல்லாருக்கும் தேவைப்பட்டது அதுதான். குண்டு ஏன் விழுந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. தலைகள் திரும்பின. கிளெமென்ற் மூப்பரைப் பார்த்தான். ஒரு சொல் போதும். நான்தான் கூப்பிட்டனான். அவ்வளவுதானே.

யாரோ கேட்டார்கள்: "மூப்பர், நீங்களோ அவனை ஏறச் சொன்னது?"

நிக்கலஸ் குழியைப் பார்த்தார். அவருடைய கையில் அள்ளின மண் இன்னும் இருந்தது.

"நான் கூப்பிடேல்லை. அவன் தானா ஏறினவன்."

மண்ணைப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு கிளெமென்றின் வாசலில் ஒருவரும் கூப்பிடவில்லை. பாண் வண்டிக்காரன் அவன் வீட்டைத் தாண்டும்போது குதிரையைத் தட்டி விரட்டினான். பாதி வளவுகள் காலியாகிக்கொண்டிருந்தன. சனம் பெட்டி படுக்கையோடு ஊருக்கு ஓடிக்கொண்டிருந்தது. போகிறபோதும் அவன் பக்கம் காறித் துப்பிவிட்டுப் போக நேரம் இருந்தது அவர்களுக்கு.

ராசிக் நானா மட்டும் கடைப் பலகையைப் பாதி போட்டபடி சொன்னார்: "குண்டு போட்டவன் ஜப்பான்காரன். அவன்ட கலண்டர்ல ஒங்கட பெரிய வெள்ளி ஈக்கிதா? மடையனுகள். ஆனா மவன், நீ கொஞ்ச நாளைக்கு அந்தச் சாமானெல்லாம் பொக்கட்டுல போட்டுக்கிட்டுத் திரியாத. கேக்கிறியா?"

கேட்கவில்லை. மூன்றையும் எடுத்துக்கொண்டுதான் பேர்ணடெற்றைத் தேடிப் போனான். பைப்படியில் குடத்தோடு நின்றாள். கறுத்த உடுப்பு அவளுக்குப் பெரிசாக இருந்தது.

"அவர் கூப்பிட்டதை நீர் கண்டனீர்தானே?"

"கண்டனான்."

"அப்ப சொல்லும். ஒருத்தருக்குச் சொன்னாக் காணும். யோசெப்பினுக்குச் சொல்லும், பின்னேரத்துக்குள்ள முகத்துவாரம் வரைக்கும் போயிரும்."

"சொன்னா அப்பா என்ன ஆவார்?" அவள் குடத்துக்குள் விழுகிற தண்ணீரையே பார்த்தாள். "அண்ணா செத்தது தன்ர கையாலயெண்டு அவர் நம்பிறார். ராவில எழும்பி அந்தக் கையைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். சனத்துக்கும் தெரிஞ்சா அவர் உயிரோட இருக்கமாட்டார்."

"அப்ப நான்?"

"நீங்கள் தாங்குவீங்கள்."

"நான் தாங்குவன் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதை இடுப்பில் ஏற்றினாள். "நாங்கள் சிலாபத்துக்குப் போறம். நாளைக்குக் காலமை றெயின். வழியனுப்ப வராதேங்கோ."

அவன் போனான்.

மூப்பரின் வாசலில் மாட்டுக் கரத்தை நின்றது. சிங்களக் கரத்தைக்காரன் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று துள்ளிக்கொண்டிருந்தான். றங்குப் பெட்டி, பாய்ச்சுருள், ஒரு மேசை, எல்லாம் ஒரே பக்கத்தில் கட்டிக் கரத்தை சாய்ந்துவிட்டது. அவிழ்த்துத் திருப்பிக் கட்டவேண்டும். தென்னந்தும்புக் கொச்சக்கயிறு, அதுவும் காலைப் பனியில் நனைந்து இறுகிய முடிச்சு. நிக்கலஸ் நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தார்.

"இக்மன் கரன்ன மாத்தயா, கோச்சிய யனவா!" என்று கரத்தைக்காரன் அவசரப்படுத்தினான். றெயின் யாருக்காகவும் நிற்காது.

"கத்தி ஒண்டும் இல்லையோ?" என்றார் நிக்கலஸ்.

"எல்லாம் றங்குப் பெட்டிக்குள்ள" என்றாள் பேர்ணடெற்.

பார்த்துக்கொண்டு நின்ற அயல் சனம் கிளெமென்றின் பொக்கற்றைப் பார்த்தது. நிக்கலஸும் பார்த்தார். பார்த்துவிட்டு முடிச்சுக்குத் திரும்பினார். விரல் மட்டும் மெல்ல மடங்கியது. கூப்பிடுவதா, நடுக்கமா தெரியவில்லை.

கிளெமென்ற் கிட்டப் போனான். மாலுமிக் கத்தியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"கையால வேண்டாம், மூப்பர். வாயால கூப்பிடுங்கோ. கிளெமென்ற் வா எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. தெரு கேக்கட்டும். ஒரு செக்கன்ட் வேலை இது."

நிக்கலஸ் நிமிர்ந்தார். அவர் கண்ணில் கோபம் இருந்திருந்தால் கிளெமென்ற் சந்தோசப்பட்டிருப்பான். அங்கே ஒன்றுமே இல்லை. அவர் குனிந்து, முடிச்சில் வாயை வைத்து, இருந்த நாலைந்து பல்லால் கயிற்றைக் கடித்து இழுக்கத் தொடங்கினார். தும்பு உதட்டில் குத்தி இரத்தம் வந்தது. விடவில்லை.

"அப்பா!"

பேர்ணடெற் தகப்பனைத் தோளில் பிடித்து விலக்கினாள். கிளெமென்ற் கத்தியின் கூரை விரித்துவிட்டான். இப்போது அவள் கேட்டால் போதும். அவர் கேட்கவேண்டாம், அவள் கேட்டாலே போதும். அவள் அவனைத் தாண்டிக் கரத்தையின் மறுபக்கம் போனாள். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி முடிச்சின் இடுக்கில் விட்டு நெம்பினாள். ஊசி வளைந்தது. திருப்பி விட்டாள். கயிறு கொஞ்சம் கொடுத்தது. இன்னும் கொஞ்சம். பிறகு முழுக்க அவிழ்ந்தது.

அயல் சனத்தில் ஒருத்தி, "கெட்டிக்காரி" என்றாள்.

பெட்டியை நடுவில் வைத்துத் திருப்பிக் கட்டினார்கள். பேர்ணடெற் வளைந்த ஊசியைப் பல்லால் நிமிர்த்திக் கொண்டையில் செருகிக்கொண்டு ஏறினாள். கரத்தை அசைந்தது. கிளெமென்ற் நடுத்தெருவில் நின்றான், விரித்த கூர் கையில். அதை மடக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. மடக்குவதற்குக் கை வரவில்லை.